கரீமோவுக்கும் மிர்சியோயெவுக்கும் ஒரே வெளியுறவு அமைச்சர்: அப்துல்அஸீஸ் கமீலோவை எப்படி மதிப்பிடுவது?

பாலைநிலத்தான் எழுதியது:

மத்திய ஆசியாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கி ஐந்தாறு வருஷம் ஆகிறது. எங்கே புரட்டினாலும் ஒரு பெயர் வந்து நிற்கிறது: அப்துல்அஸீஸ் கமீலோவ். உஸ்பெகிஸ்தானின் வெளியுறவு அமைச்சராக 1994 முதல் 2003 வரை ஒரு முறை, 2012 முதல் 2022 வரை மறுமுறை. நடுவில் 2003இலிருந்து 2010 வரை வாஷிங்டனில் தூதர். இஸ்லாம் கரீமோவ் அதிபராக இருந்தபோதும் இவர்தான் அமைச்சர், 2016 செப்டம்பரில் கரீமோவ் இறந்து ஷவ்காத் மிர்சியோயெவ் வந்தபோதும் இவர்தான் அமைச்சர்.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்று இருக்கிறது. கரீமோவ் அண்டை நாடுகளின் எல்லைகளை அடைத்தார். தஜிகிஸ்தான் எல்லையில் கண்ணிவெடி புதைத்தார். மிர்சியோயெவ் வந்த ஒன்றரை வருஷத்தில் எல்லாம் தலைகீழ்: விசா ரத்து, விமானம், ரயில், எல்லை ஒப்பந்தம். அடைத்தபோது நியாயம் சொன்னவரும் திறந்தபோது ஊர் ஊராகப் போய்ப் பேசியவரும் ஒரே மனிதர். அப்படியானால் வெளியுறவு அமைச்சர் என்பவர் என்னதான் செய்கிறார்? மேலே இருப்பவர் சொன்னதை ஒப்பிப்பதுதானா?

இல்லை என்பது என் கட்சி. காரணம் சொல்வதற்கு முன்னால் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

1947இல் தாஷ்கண்டுக்குப் பக்கத்து ஊரான யாங்கியூலில் பிறந்தவர். அரபி படித்தவர். சோவியத் வெளியுறவுத் துறையில் சேர்ந்து 1973 முதல் 76 வரை பெய்ரூட்டில் வேலை. 1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அங்கேதான் இருந்தார். பிறகு 1980 முதல் 84 வரை டமாஸ்கஸ். ஒரே தெருவில் நாலு கொடி பறக்கும் ஊரில் தொழில் பழகியவர் என்பதை மறந்துவிட்டு இவருடைய பிற்கால நடவடிக்கைகளைப் புரிந்துகொள்ள முடியாது. சோவியத் உடைந்தபோது உஸ்பெகிஸ்தானில் இப்படி வெளிநாட்டில் நிஜமாகவே வேலை செய்த ஆட்கள் மிகக் குறைவு. குடியரசுகளுக்கு வெளியுறவு அமைச்சகம் என்ற பெயர்ப்பலகை இருந்ததே தவிர, வேலை முழுக்க மாஸ்கோவில்தான் நடந்தது. இன்னொன்று, இவர் ஷரஃப் ரஷீதோவின் மருமகன். 1959 முதல் 1983 வரை உஸ்பெக் கம்யூனிஸ்ட் கட்சியை ஆண்ட அதே ரஷீதோவ். 1992இலிருந்து இரண்டு வருஷம் தேசியப் பாதுகாப்புச் சேவையின் துணைத் தலைவர். அதற்கப்புறம்தான் வெளியுறவு.

கடலோடி எழுதியது:

நல்ல இழை, பாலைநிலத்தான் சார். ஆனால் நீங்கள் கடைசி வரியில் சொன்னதைத்தான் நான் முதல் வரியில் சொல்லியிருப்பேன். உளவுத் துறையின் இரண்டாம் நாற்காலியிலிருந்து வந்தவர். கரீமோவின் நாட்டில் அமைச்சர் என்றால் அதிபர் அறையில் எடுத்த முடிவை வெளியே வந்து வாசிப்பவர், அவ்வளவுதான்.

2005 மே 13ஐ யாரும் மறக்கக் கூடாது. கிழக்கு உஸ்பெகிஸ்தானில் உள்ள அந்திஜான் நகரச் சதுக்கத்தில் கூடியிருந்த மக்கள் மேல் துருப்புகள் சுட்டன. அரசு சொன்ன கணக்கு 187. மனித உரிமை அமைப்புகளும் தப்பி வந்தவர்களும் பல நூறு என்கிறார்கள். சர்வதேச விசாரணை வேண்டும் என்று உலகம் கேட்டது, தாஷ்கண்ட் மறுத்தது. அப்போது வாஷிங்டனில் அந்த அரசின் முகமாக உட்கார்ந்திருந்தவர் யார்? கமீலோவ். அதே ஜூலையில் கார்ஷி-கானாபாத் விமானதளத்தை 180 நாளில் காலி செய்யுங்கள் என்று அமெரிக்காவுக்கு நோட்டீஸ் போனது. நவம்பரில் கடைசி அமெரிக்க விமானம் கிளம்பிவிட்டது. 2001இல் ஆப்கன் போருக்காக அந்தத் தளத்தைக் கொடுத்தபோதும் இவர்தான் அமைச்சர். கொடுக்கும்போதும் அங்கே, பிடுங்கும்போதும் அங்கே. சொந்தக் கருத்துள்ள மனிதர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பாலைநிலத்தான் எழுதியது:

அந்திஜானில் நடந்ததற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அங்கே செத்தவர்களுக்கு இன்றுவரை நியாயம் கிடைக்கவில்லை. அந்த அரசின் தூதர் என்ற பொறுப்பிலிருந்து அவர் தப்பவும் முடியாது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேசுகிறேன்.

நான் பார்ப்பது வேறு ஒரு கோடு. தேதிகளைக் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1999இல் ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை உஸ்பெகிஸ்தான் புதுப்பிக்காமல் வெளியே வந்தது. அமைச்சர் கமீலோவ். 2005இல் அமெரிக்காவோடு முறிந்தது, 2006இல் ரஷ்ய அணிக்குள் திரும்பப் போனது. அந்த இரண்டு வருஷமும் அமைச்சர் நாற்காலியில் அவர் இல்லை. 2012 ஜனவரியில் அவர் மறுபடி அமைச்சர் ஆனார். ஆறு மாதத்துக்குள், ஜூன் மாதக் கடைசியில், உஸ்பெகிஸ்தான் அந்த அணியிலிருந்து இரண்டாம் முறை விலகியது. அதே வருஷம் வெளியுறவுக் கொள்கைக்கான சட்டபூர்வ ஆவணம் வந்தது: எந்த ராணுவக் கூட்டிலும் சேர மாட்டோம், அந்நியத் தளம் எங்கள் மண்ணில் கிடையாது, எங்கள் சிப்பாய் வெளிநாட்டில் போய்ச் சண்டை போட மாட்டான்.

முடிவு கரீமோவுடையது என்பீர்கள், சரி. ஆனால் அந்த முடிவை எழுத்தில் வைத்து, நாலு வல்லரசுகளின் தலைநகரத்திலும் போய், யாரையும் முழுக்கப் பகைத்துக்கொள்ளாமல் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மிர்சியோயெவ் வந்தபின் அந்த ஆவணத்தின் இந்த மூன்று தூண்களும் அப்படியே நிற்கின்றன. மாறியது பக்கத்து வீட்டோடு இருந்த உறவு. பெரிய வீடுகளோடு வைத்த தூரம் மாறவில்லை. இதைத்தான் கமீலோவின் தொடர்ச்சி என்கிறேன்.

வரைபடப் பித்தன் எழுதியது:

பக்கத்து வீடு என்று சொன்னீர்களே, அங்கேதான் நிஜமான கதை இருக்கிறது. எனக்கு இந்த எல்லைகள் மேல் தீராத ஈர்ப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உஸ்பெகிஸ்தானுக்கு மற்ற நான்கு மத்திய ஆசிய நாடுகளோடும் ஆப்கானிஸ்தானோடும் எல்லை உண்டு. கடலுக்குப் போக வேண்டுமானால் இரண்டு நாடுகளைத் தாண்ட வேண்டும். உலகத்தில் இப்படி இருப்பது இதுவும் லீக்டன்ஸ்டைனும் மட்டும்தான். இந்த நிலையில் அண்டை வீட்டாரோடு சண்டை என்றால் சொந்த வாசலை நீங்களே பூட்டிக்கொள்வதற்குச் சமம்.

உஸ்பெகிஸ்தானும் கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும் பங்கு போட்டுக்கொள்ளும் பெர்கானா பள்ளத்தாக்கின் வரைபடத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். எல்லைக் கோடு கந்தல் துணியின் ஓரம் மாதிரி இருக்கும். கிர்கிஸ்தானுக்கு நடுவே சோக் என்று ஓர் உஸ்பெக் துண்டு நிலம். அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தஜிக் மொழி பேசுகிறவர்கள். 1920களில் சோவியத் ஆணையங்கள் வரைந்த வரைபடம் ஒன்று, 1950களில் திருத்தியது இன்னொன்று. ஒரு நாடு முதலாவதை நீட்டும், மற்றது இரண்டாவதை நீட்டும். ஒரே அரசாக இருந்தபோது எந்தக் கூட்டுப்பண்ணை எந்தக் குடியரசின் மேய்ச்சல் நிலத்தை வாடகைக்கு எடுத்தது என்று யாரும் கவலைப்படவில்லை. 1991க்குப் பிறகு அந்த வாடகைச் சீட்டுதான் நாட்டின் எல்லையைத் தீர்மானிக்கும் பத்திரம் ஆகிவிட்டது.

கிர்கிஸ்-உஸ்பெக் எல்லை மொத்தம் 1,378 கிலோமீட்டர். 2016 ஆகஸ்டில், கரீமோவ் இறப்பதற்கு ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போது, இரண்டு நாடும் உரிமை கோரிய உங்கார்-தூ என்ற மலையில் ஹெலிகாப்டரில் வந்து உஸ்பெக் போலீஸ் இறங்கியது. அங்கிருந்த அலைபரப்புக் கோபுரத்தில் வேலை செய்த கிர்கிஸ் ஊழியர்களைப் பிடித்து வைத்தது. செப்டம்பரில், புதிய அதிபர் பொறுப்பேற்ற சில நாளில், போலீஸ் இறங்கிப் போய்விட்டது. அந்த மாதக் கடைசியிலேயே கமீலோவ் தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேக்கும் பயணமானார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2017 செப்டம்பர் 5 அன்று, கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 85 சதவீதக் கோடு முடிவாகிவிட்டது. கால் நூற்றாண்டாக நகராத விஷயம் பன்னிரண்டு மாதத்தில்.

பன்னிரண்டு மாதத்தில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் எப்படி வரைய முடியும்? முடியாது. கமிஷன்கள் வருஷக்கணக்கில் கிராமம் கிராமமாக அளந்து வைத்திருந்த வேலை அது. மேலிடத்தில் மனசு வராததால் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. மனசு வந்த அன்றைக்கு எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆட்கள் அமைச்சகத்தில் இருந்தார்கள். பழைய அமைச்சரை மிர்சியோயெவ் ஏன் மாற்றவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விடை இதுதான்.

மீதி 15 சதவீதம் எவ்வளவு கஷ்டம் என்பதற்குக் கெம்பிர்-ஆபாத் அணை போதும். அந்திஜான் நீர்த்தேக்கம் என்று உஸ்பெக்குகள் சொல்வது. தண்ணீர் குடிப்பது ஒரு நாட்டு வயல், நிலம் மற்ற நாட்டுடையது. 2022 நவம்பரில் அது உஸ்பெகிஸ்தானுக்கு என்றும், பதிலுக்குக் கிர்கிஸ்தானுக்கு வேறிடத்தில் கூடுதல் நிலம் என்றும் கையெழுத்தானபோது கமீலோவ் பதவியில் இல்லை. அதை எதிர்த்ததற்காகக் கிர்கிஸ்தானில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். எல்லை தீர்ந்தது என்று நாம் சந்தோஷப்படும்போது அந்த ஆட்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடலோடி எழுதியது:

வரைபடப் பித்தன், மிக்க நன்றி. இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்வதே என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. மேலிடத்தில் மனசு வராதவரை கோப்பு தூங்கியது என்றால், அமைச்சர் எழுப்பவில்லை என்றுதானே அர்த்தம்? 2012இல் கரீமோவ் கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் நின்றுகொண்டு, தண்ணீருக்காகப் போரே வரலாம் என்று பேசினார். தஜிகிஸ்தான் கட்டும் ரோகுன் அணையைத்தான் சொன்னார். அன்றைக்கு அமைச்சர் கமீலோவ்.

பாலைநிலத்தான் எழுதியது:

ரோகுனை நீங்களே எடுத்துவிட்டீர்கள், அதைத்தான் அடுத்து எழுதுவதாக இருந்தேன்.

335 மீட்டர் உயரம் திட்டமிட்ட அணை. வக்ஷ் ஆற்றில். கட்டி முடித்தால் உலகத்திலேயே உயரமான அணைகளில் ஒன்று. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் பருத்தி வயல் வைத்திருக்கும் உஸ்பெகிஸ்தானுக்கு அது குரல்வளையில் வைத்த கை. தஜிகிஸ்தானுக்கோ குளிர்காலத்தில் இருட்டில் உட்காராமல் இருக்க வேறு வழி இல்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் அது இருபது வருஷம் புண்ணாகவே இருந்தது. சரக்கு ரயில் நின்றது, தண்டவாளத்தையே பெயர்த்தார்கள்.

2017 ஜூலையில் உஸ்பெக் தொலைக்காட்சியில் கமீலோவ் பேசினார். கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நீங்களும் நாங்களும் கையெழுத்திட்ட சர்வதேச உடன்படிக்கைகளின்படி எங்களுக்குச் சில உத்தரவாதங்கள் வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். இந்த ஒரு வாக்கியத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பு போய்விட்டது, ஆனால் தோற்றதாக ஒரு சொல் இல்லை. பழைய கோரிக்கை (உத்தரவாதம்) அப்படியே இருக்கிறது, முன்னால் இருந்த "கூடாது" மட்டும் விழுந்துவிட்டது. அடுத்த மார்ச்சில் மிர்சியோயெவ் துஷான்பே போனார், இரண்டு நாட்டுக்கும் இடையே விசா ஒழிந்தது.

இதைப் புது ஆள் ஒருவர் வந்து சொல்லியிருந்தால் உள்நாட்டில் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியிருக்கும். எதிர்த்தவரே வந்து சொன்னதால்தான் அது எடுபட்டது. கோப்பை அவர் எழுப்பவில்லை என்ற உங்கள் குற்றச்சாட்டு சரி, மறுக்கவில்லை. அந்த ஆட்சியில் எழுப்பப் பார்த்தவர்கள் நிலைத்ததில்லை. ஆனால் எழுந்தபின் நடக்கவைத்ததில் அவர் பங்கு சின்னது இல்லை.

ஓஷ் டாக்டர் எழுதியது:

வணக்கம். இந்தத் தளத்தில் எழுதுவது குறைவு, ஆனால் இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் எம்.பி.பி.எஸ். படித்தது கிர்கிஸ்தானில், ஓஷ் நகரத்தில். நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள், தெரிந்திருக்கும்.

ஓஷிலிருந்து உஸ்பெக் எல்லை கூப்பிடு தூரம். தோஸ்துக் சோதனைச் சாவடி. தோஸ்துக் என்றால் நட்பு. நான் போன வருஷங்களில் உள்ளூர் ஆட்கள் அதைத் தாண்டுவது பெரும்பாடு. 2010 ஜூன் கலவரத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்த ஊர் அது. உஸ்பெக்குகள் ஒரு லட்சம் பேர் அளவில் எல்லையைத் தாண்டி ஓடியிருக்கிறார்கள். எங்கள் விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மாவை எல்லாரும் ஓபா என்போம், அக்கா என்று அர்த்தம். அவருடைய கூடப்பிறந்த தங்கை அந்திஜானில். ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஏழு வருஷம் முகம் பார்க்கவில்லை.

2017 செப்டம்பர் 6 அன்று சாவடி திறந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள். வரைபடப் பித்தன் அண்ணா எழுதிய 85 சதவீதம் என்பது எனக்கு அந்த ஒரு நாள்.

திண்ணைவாசி எழுதியது:

ஓஷ் டாக்டர், கட்டாயம் மேலே எழுதுங்கள், தங்கச்சி. ஓபா போனாரா இல்லையா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

அதற்குள் ஆப்கானிஸ்தான் பற்றி ஒரு வார்த்தை, யாரும் இன்னும் தொடவில்லை. 1999 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் ஆறு அண்டை நாடுகளும் அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்து தாஷ்கண்டில் கூடின. தாலிபானும் வந்தது, அதை எதிர்த்துச் சண்டை போட்ட வடக்குக் கூட்டணியும் வந்தது. ராணுவத் தீர்வு கிடையாது, பேச்சுதான் வழி என்று பிரகடனம். மை காயவில்லை, பத்து நாளில் தாலிபான் காபூலுக்கு வடக்கே ஷமாலிச் சமவெளியில் பெரும் தாக்குதலைத் தொடங்கியது. அந்தக் கூட்டத்தை நடத்திய அமைச்சர் கமீலோவ்.

பத்தொன்பது வருஷம் கழித்து, 2018 மார்ச்சில், அதே தாஷ்கண்டில் மறுபடி ஆப்கன் மாநாடு. அந்த ஆகஸ்டில் தோஹாவிலிருந்து தாலிபானின் அரசியல் அலுவலகத் தலைவர் ஸ்தானெக்ஸாய் வந்து கமீலோவைப் பார்த்தார். 2021 ஜூலையில் மத்திய ஆசியாவையும் தெற்காசியாவையும் ரயிலால் இணைக்கும் பெரிய மாநாடு. நம்ம ஜெய்சங்கரும் போயிருந்தார். மேடையிலேயே அப்போதைய ஆப்கன் அதிபர் அஷ்ரஃப் கனி பாகிஸ்தானிலிருந்து பத்தாயிரத்துக்கு மேல் போராளிகள் ஒரே மாதத்தில் நுழைந்ததாகச் சொல்ல, பக்கத்தில் இருந்த இம்ரான் கான் மனம் புண்பட்டு மறுத்தார். ஒரு மாதத்தில் காபூல் விழுந்தது. ஆப்கன் விமானப்படையின் 40க்கு மேற்பட்ட விமானங்களும் ஹெலிகாப்டர்களும் எல்லையான அமு தர்யா ஆற்றைத் தாண்டி உஸ்பெக் மண்ணில் இறங்கின. மாநாடு போட்டவர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள்.

2021 அக்டோபர் 7 அன்று கமீலோவ் காபூலில் இறங்கினார். மின்சாரம், ரயில், வணிகம் பற்றிப் பேச்சு. அமெரிக்கக் குண்டுவீச்சு தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் சரியாக இருபது வருஷம். கார்ஷி-கானாபாத் ஒப்பந்தத்தின் தேதியும் அதேதான், 2001 அக்டோபர் 7. அந்த விமானத்திலிருந்து இறங்கும்போது அவருக்கு அந்தத் தேதி ஞாபகம் வராமல் இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

இந்தியா-மத்திய ஆசிய உரையாடலின் முதல் கூட்டம் 2019 ஜனவரியில் சமர்கண்டில் நடந்தது. சுஷ்மா ஸ்வராஜும் கமீலோவும் சேர்ந்து தலைமை தாங்கினார்கள். அதிலும் ஆப்கானிஸ்தானுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். இவர் எந்தக் கூட்டம் போட்டாலும் அந்த நாற்காலி இருக்கும்.

கடலோடி எழுதியது:

திண்ணைவாசி ஐயா சொன்னதைப் படித்தபின் என் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். ஆப்கன் விஷயத்தில் அது ஒப்பித்தல் இல்லை, இருபது வருஷப் பிடிவாதம். அந்திஜான் பற்றிச் சொன்னதை மாற்றவில்லை.

ஆனால் 2022 மார்ச் 17ஐ எப்படிப் புரிந்துகொள்வது? அதை வைத்துத்தான் அவரைப் பலரும் புகழ்கிறார்கள்.

பாலைநிலத்தான் எழுதியது:

ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்து மூன்று வாரம். மார்ச் 2ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் கண்டனத் தீர்மானம் வந்தபோது கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் மூன்றும் நடுநிலை வாக்கு. உஸ்பெகிஸ்தான் வாக்கெடுப்பிலேயே கலந்துகொள்ளவில்லை. ரஷ்யாவில் வேலை செய்யும் உஸ்பெக்குகள் அனுப்பும் பணத்தில் அடுப்பெரியும் வீடுகள் பல லட்சம். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் லாபம்.

17ஆம் தேதி செனட் சபையில் 74 வயது அமைச்சர் எழுந்து பேசினார். உக்ரைனின் சுதந்திரத்தையும் இறையாண்மையையும் எல்லை ஒருமைப்பாட்டையும் உஸ்பெகிஸ்தான் அங்கீகரிக்கிறது, கிழக்கு உக்ரைனில் ரஷ்யா அங்கீகரித்த லுஹான்ஸ்க், தோனெத்ஸ்க் குடியரசுகளை அங்கீகரிக்கவில்லை, சண்டையை நிறுத்த வேண்டும். இவ்வளவுதான். இதைத் துணிச்சல் என்றும் சொல்லலாம், 2012 ஆவணத்தை உரக்க வாசித்தார் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். சோவியத் ஆணையம் வரைந்த கோட்டை ஒரு வல்லரசு பலத்தால் மாற்றலாம் என்று ஒப்புக்கொண்டால் பெர்கானாவில் எந்தக் கோடு நிற்கும்?

அதன்பின் சிகிச்சைக்காக வெளிநாடு போயிருக்கிறார் என்ற செய்தி வந்தது. ஏப்ரல் 27 அன்று விளாதிமிர் நோரோவ் அமைச்சர். கமீலோவ் பாதுகாப்புக் கவுன்சிலுக்குப் போனார், பிறகு வெளியுறவு விவகாரங்களில் அதிபரின் சிறப்புப் பிரதிநிதி. அந்தப் பேச்சுக்காகத்தான் எடுத்தார்கள் என்று ஊகிப்பவர்கள் உண்டு. நான் அப்படி எழுத மாட்டேன். ஆனால் அவர் இறங்கியபின் அவர் சொன்னதை அரசு வாபஸ் வாங்கவில்லை என்பது தெளிவு.

வரைபடப் பித்தன் எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. 2025 மார்ச் 31 அன்று தஜிகிஸ்தானின் குஜந்த் நகரில் கிர்கிஸ், தஜிக், உஸ்பெக் அதிபர்கள் மூன்று பேரும் மூன்று நாட்டு எல்லையும் சந்திக்கும் புள்ளியை ஏற்றுக் கையெழுத்திட்டார்கள். 2021இலும் 2022இலும் கிர்கிஸ்-தஜிக் எல்லையில் பீரங்கி வெடித்து ஊர்கள் எரிந்த பகுதி அது. இந்தப் புள்ளியை வரைபடத்தில் குறித்தபோது எனக்குக் கை நடுங்கியது, உண்மையாகவே.

ஓஷ் டாக்டர் எழுதியது:

மன்னிக்கவும், ராத்திரி டூட்டி, இப்போதுதான் வந்தேன். திண்ணைவாசி அண்ணா கேட்டதற்கு.

முன்பெல்லாம் சாவடியைத் தாண்ட வேண்டுமென்றால் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் தந்தி கொடுக்க வேண்டும், கல்யாணம் அல்லது சாவு என்று. தந்தியைக் காட்டினால்தான் விடுவார்கள். ஓபாவின் அம்மா இறந்தபோது தந்தி வந்துசேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அந்தத் தந்திக் காகிதத்தை மடித்துக் குர்ஆன் வைத்திருந்த அலமாரியில் வைத்திருந்தார். எனக்கு ஒருமுறை காட்டினார்.

திறந்த முதல் வாரத்தில் அவர் கிளம்பினார். விடியற்காலையில் எங்கள் இரண்டு பேரை உதவிக்குக் கூப்பிட்டார். தந்தூரில் சுட்ட பெரிய நான் ரொட்டி ஏழு, நடுவில் அச்சுக் குத்தியது, ஆவி போகாமல் வெள்ளைத் துணியில் கட்டினார். உலர்ந்த பாதாமி ஒரு பை. சாவடி வரை வாடகைக் காரில் தூக்கிக்கொண்டு போனோம். வரிசையில் இருந்த பெரியவர்கள் எல்லோர் கையிலும் இதே மாதிரி வெள்ளைத் துணி மூட்டை. அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். ஓபா நகரவில்லை. தந்தியை எடுக்கக் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். "வேண்டாம், போங்க ஓபா" என்று அந்த அதிகாரியே உஸ்பெக்கில் சொன்னார்.

மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார். அதே துணியில் தங்கை வீட்டு ரொட்டி ஏழு.